பெரிய மாடல் விமானத்துக்குக் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரேடியோ ரிமோட்டில் மாடல் விமானம் விடுவேன். 50 சிசி பெட்ரோல் இன்ஜினில் பறந்துகொண்டிருந்த என் 8 கிலோ விமானத்தை மின்சாரத்துக்கு மாற்றிய நாளிலிருந்து, கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். சின்ன ஃபோம் விமானம் விடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

"பெரிய" விமானம்னா எவ்வளவு பெரிசு அண்ணே?

இறக்கை நுனிக்கு நுனி 2 மீட்டருக்கு மேல், எடை 6 கிலோவுக்கு மேல். காரில் வைக்க இறக்கையைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் அது பெரிசு. சின்ன விமானத்தில் 20 ஆம்பியர் ஓடும். தப்பு நடந்தால் கொஞ்சம் புகை வரும், நாமும் சிரித்துக்கொள்வோம். இங்கே ஓடுவது 80, 90 ஆம்பியர்.

பெட்ரோல் இன்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்த வேலை?

எரிபொருள் கணக்கில் பார்த்தால் பெட்ரோலை அடிக்கவே முடியாது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 150. இன்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவும் சத்தமாகவும் வீணாக்கினாலும் மிச்சமிருப்பது பேட்டரியைவிடப் பல மடங்கு. அரை மணி நேரம் பறக்கவேண்டும் என்றால் பெட்ரோலே வைத்துக்கொள்ளுங்கள், நான் வாதாட வரமாட்டேன்.

நான் மாறியதற்குக் காரணம் அதிர்வு. ஒற்றை சிலிண்டர் 50 சிசி இன்ஜின் விமானத்தின் ஒவ்வொரு ஆணியையும் தட்டித் தட்டித் தளர்த்தும். ஒவ்வொரு ஞாயிறும் பறந்தது பத்து நிமிடம், திருகு முடுக்கியதும் எண்ணெய் துடைத்ததும் ஒரு மணி நேரம். சத்தம் இன்னொன்று. வயல் ஓரத்தில் வீடு வந்துவிட்டது, விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இன்ஜினைக் கிளப்பினால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

இது புதுப் பைத்தியமும் இல்லை. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் டாப்ளின் என்ற கர்னல், வெள்ளி-துத்தநாக பேட்டரியில் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைப் பறக்கவிட்டார். 1973 அக்டோபர் 21-ல் ஆஸ்திரியாவில் ஆளையே ஏற்றிக்கொண்டு எம்பி-இ1 என்ற மின்சார விமானம் பறந்தது. அதன் பின்னால் இருந்த ஃப்ரெட் மிலிட்கி மாடல் விமானத்தில் மின் மோட்டாரை வைத்துப் பழகி வந்தவர்தான்.

எந்த மோட்டார் வாங்குவது?

தொண்ணூறு பேர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், தொண்ணூறு பேரும் பணத்தை வீணாக்குகிறார்கள். மோட்டார் கடைசிக்கு முந்தியது. முதலில் ப்ரொப்பெல்லர். அது காற்றைத் தள்ள எவ்வளவு வாட் கேட்கிறதோ அதைத்தான் மோட்டார் இழுக்கும், மோட்டார் இழுப்பதைத்தான் பேட்டரி கொடுக்கும். பம்ப் செட்டிலும் இதே கதைதான்: எத்தனை அடி ஆழம், எவ்வளவு தண்ணீர் என்று கேட்காமல் எந்த மெக்கானிக்கும் மோட்டார் ஹெச்.பி. சொல்லமாட்டான்.

என் கணக்கை அப்படியே தருகிறேன். விமானம் எல்லாம் சேர்த்து 8 கிலோ. சாதுவாகப் பறக்கக் கிலோவுக்கு 200, 220 வாட் போதும். கரணம் அடிக்க 330. மூக்கை மேலே வைத்துத் தொங்கவிட 440-க்கு மேல். நான் கரணம் அடிப்பவன், கொஞ்சம் மிச்சமும் வேண்டும், ஆகவே 3,400 வாட் என்று வைத்தேன். பெட்ரோலில் 22-க்கு 8 ப்ரொப்பெல்லர் போட்டிருந்தேன்: 22 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 8 அங்குல முன்னேற்றம். தரைக்கும் ப்ரொப்பெல்லர் நுனிக்கும் இருக்கிற இடைவெளி மாறக்கூடாது என்பதால் அதே அளவு, மின் மோட்டாருக்கான மர ப்ரொப்பெல்லராக மட்டும் மாற்றினேன். அது நிமிடத்துக்கு 6,900 சுற்று சுற்றினால் 3,400 வாட் இழுக்கும் என்று கணக்கு வந்தது. 12 எஸ் பேட்டரி, அதாவது 12 செல் தொடராகக் கோத்தது, சுமையில் 43.5 வோல்ட் தரும். 43.5-ல் 6,900 சுற்று வேண்டும், காயிலில் கொஞ்சம் வோல்ட் வீணாகும், ஆக 170 கே.வி. மோட்டார். இப்போதுதான் கடைக்குப் போகவேண்டும்.

கே.வி.ன்னா கிலோவோல்ட்டா?

நெய்வேலி பக்கமிருந்து கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும், அவர்கள் தலைக்கு மேல் 230, 400 கிலோவோல்ட் லைன் போகிறது. இது வேறு. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதுதான் இங்கே கே.வி. 170 கே.வி. மோட்டாருக்குச் சுமையில்லாமல் 10 வோல்ட் கொடுத்தால் 1,700 சுற்று.

கே.வி. அதிகம் என்றால் பலம் அதிகம் என்று நினைக்கவேண்டாம். சைக்கிள் பல்சக்கரம் மாதிரிதான் அது. கே.வி. குறைந்தால் ஒவ்வொரு ஆம்பியரும் அதிக முறுக்கு கொடுக்கும், வேகத்துக்கு வோல்ட் அதிகம் கேட்கும். பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றவேண்டும், ஆகவே குறைந்த கே.வி., அதிக வோல்ட்.

6 எஸ் பேட்டரி ரெண்டு இருக்கு. இரண்டையும் இணையா போட்டு 6 எஸ்ஸாவே ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டாதீர்கள். அதே 3,400 வாட்டுக்கு 12 எஸ்ஸில் 78 ஆம்பியர், 6 எஸ்ஸில் 156. வயரும் கனெக்டரும் சேர்ந்து 4 மில்லி ஓம் என்று வைத்தால், 78 ஆம்பியரில் அங்கே 24 வாட் சூடாகிறது, 156-ல் 97 வாட். ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. 97 வாட் என்பது சின்ன சால்டரிங் அயர்ன் மூன்றை வயரில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நெய்வேலியில் செய்கிற கரண்டை லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவதும் இதற்காகத்தான்.

இரண்டு 6 எஸ்ஸையும் தொடராக இணைத்து 12 எஸ் ஆக்குங்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியதாக, ஒரே அளவாக இருக்கவேண்டும். ஜோடி எண் எழுதி ஒட்டிவிடுங்கள், ஜோடியைப் பிரிக்காதீர்கள். பழசும் புதுசும் சேர்ந்தால் பழசு முதலில் காலியாகும், புதுசு அதை மேலும் பிழியும்.

பேட்டரி மேல 60 சின்னு போட்டிருக்கே. அப்ப 5000 எம்.ஏ.எச்.சில் 300 ஆம்பியர் கிடைக்குமா?

சி என்பது பேட்டரி அளவின் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்று கம்பெனி சொல்வது: 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர்-மணி, அதன் 60 மடங்கு 300. லேபிளை அச்சடிக்க மை மட்டும் போதும். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல 5000 பேட்டரியில் ஒரு செல்லின் உள்மின்தடை 3 மில்லி ஓம் என்றால் 12 செல்லுக்கு 36 மில்லி ஓம். அதில் 300 ஆம்பியர் ஓடினால் 10.8 வோல்ட் உள்ளேயே விழும், பேட்டரிக்குள் 3,240 வாட் சூடு பிறக்கும். என் விமானம் முழுக் கிளப்பில் (த்ராட்டில் முழுசாகத் தள்ளி) இழுக்கும் மொத்த சக்தியே 3,400 வாட். அத்தனையும் பேட்டரி பைக்குள் கொதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 78 ஆம்பியரிலேயே 219 வாட் சூடாகிறது. பறந்து இறங்கியதும் பேட்டரியைத் தொட்டால் வெதுவெதுவென்று இருப்பது இதனால்தான்.

ஆகவே சி எண்ணைப் பார்க்காதீர்கள். நல்ல சார்ஜர்கள் செல்வாரியாக உள்மின்தடையைக் காட்டும். வாங்கிய அன்றே அளந்து, தேதியோடு பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே அறைச் சூட்டில் மறுபடி அளங்கள். 3 ஆக இருந்தது 6 ஆனால் அந்தப் பேட்டரி கரண விமானத்துக்கு ரிட்டயர் ஆகிவிட்டது. ஒரு செல் மட்டும் மற்றதைவிட எகிறினால் அதுதான் முதலில் உப்பும்.

எத்தனை நிமிஷம் பறக்கும்?

12 எஸ், 5000: 44.4 வோல்ட்டை 5-ஆல் பெருக்கினால் 222 வாட்-மணி. ஐந்தில் நான்கு பங்குதான் தொடலாம், 178. நான் பறக்கும் விதத்தில் சராசரி 1,400 வாட். ஏழரை நிமிடம். டைமரை 6-ல் வைக்கிறேன், இறங்க வரும்போது பாதையில் மாடு நின்றால் இன்னொரு சுற்று சுற்ற மிச்சம் வேண்டாமா?

ப்ரொப்பெல்லர் கொஞ்சம் பெரிசா போட்டுப் பாக்கலாமா?

இதில்தான் மோட்டார்கள் சாகின்றன, ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பம்ப் மோட்டார் வோல்ட்டேஜ் குறைந்தால் எரியும். காவிரி டெல்டா பக்கம் கோடையில் மூன்று பேஸ் லைன் 340 வோல்ட்டுக்கு இறங்கும்போது என் பட்டறையில் வேலை குவிவது அதனால்தான். வோல்ட் குறைய, அதே தண்ணீரைத் தூக்க அது ஆம்பியரை அதிகம் இழுக்கிறது. காந்தம் வைத்த இந்த பிரஷ்லெஸ் மோட்டார் அப்படி இல்லை. வோல்ட் குறைந்தால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். இதை எரிப்பது ப்ரொப்பெல்லர்.

ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 அங்குலத்திலிருந்து 24-க்குப் போனால் அதே சுற்றில் 42 சதவீதம் அதிகம். சுற்றுக்கு மூன்றாம் அடுக்கு: 10 சதவீதம் வேகமாகச் சுற்றினால் 33 சதவீதம் அதிக வாட். முன்னேற்றம் மட்டும்தான் நேர்விகிதம்.

மோட்டாரைக் கட்டிவைத்து ஓட்டிப் பார்க்கும் பெஞ்சில் நான் பார்த்தது: 22-க்கு 8 போட்டபோது 6,900 சுற்று, 78 ஆம்பியர். 22-க்கு 10 போட்டேன். சுற்று 6,700-க்கு இறங்கியது, ஆம்பியர் 92-க்கு ஏறியது. இந்த 14 ஆம்பியரால் கிடைத்தது என்ன? காகிதக் கணக்கில் விமானம் போகக்கூடிய வேகம் மணிக்கு 84 கிலோமீட்டரிலிருந்து 102 ஆகிறது. வேகமாகப் போகிற விமானத்துக்கு அது லாபம். அகலமான இறக்கை வைத்து மெதுவாக மிதக்கிற விமானத்துக்கு வெறும் சூடு. நான் 8-க்கே திரும்பிவிட்டேன்.

முழுக் கிளப்பு ஆம்பியரை பெஞ்சில் அளக்காமல் புது ப்ரொப்பெல்லரோடு பறக்காதீர்கள். பறக்கும்போது காற்று எதிர்வருவதால் ஆம்பியர் கொஞ்சம் குறையும், ஆகவே பெஞ்சில் தாங்கியது மேலே தாங்கும்.

பெஞ்ச் எப்படிச் செய்தீங்க?

தேக்குக் கட்டையில் ஒரு சட்டம், அதில் மேசை டிராயருக்குப் போடும் பால்பேரிங் சேனல் இரண்டு. மோட்டார் சேனல் மேல் முன்னும் பின்னும் நகரும். பின்னால் ஒரு கொக்கி, கொக்கியில் துறைமுகத்தில் மீன் எடை போடும் டிஜிட்டல் தொங்கு தராசு. மோட்டார் இழுக்கும் இழுவையைத் தராசு கிலோவில் காட்டும். 22-க்கு 8-ல் 12 கிலோவைத் தாண்டியது. வஞ்சிர வாடை மட்டும் போகவில்லை.

ஆம்பியர் பார்க்க வாட் மீட்டர், பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) நடுவில். 60 வோல்ட், 100 ஆம்பியருக்கு மேல் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுற்று பார்க்க ஒளியில் எண்ணும் டாக்கோமீட்டர். டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டினால் அது விளக்கின் துடிப்பை எண்ணிப் பொய் சொல்லும், வெயிலில் காட்டுங்கள். சூடு பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி வேலைக்கு ஆகாது, உடம்புக் காய்ச்சலைத் தாண்டி அதற்குப் படிக்கத் தெரியாது.

பெஞ்சைத் தரையில் நான்கு போல்ட் போட்டு இறுக்குங்கள். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது, ஒரு துண்டு பிய்ந்தால் அந்தப் பக்கம்தான் பறக்கும். 6,900 சுற்றில் 22 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி வினாடிக்கு 200 மீட்டர் போகிறது. நான் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். அப்படியும் முதல் நாள், முன்னால் ஒரு முழம் தள்ளி ஆணியில் மாட்டியிருந்த என் துண்டு மெல்ல எழும்பியது. ஏதோ காற்று என்று நினைத்தேன். அடுத்த நொடி ஆணியை விட்டுக் கிளம்பி ப்ரொப்பெல்லருக்குள் போய் நாரு நாராக மேலே விழுந்தது. மர ப்ரொப்பெல்லரின் ஓரம் சிதைந்து அதுவும் போயிற்று. அதிலிருந்து பட்டறைச் சுவரில் அந்தப் பக்கம் ஆணியே கிடையாது.

டாங் டெஸ்டர் வைச்சு ஆம்பியர் பாத்தா கம்மியா காட்டுதே?

வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் மீட்டர்தான் டாங் டெஸ்டர். வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரண வகை ஏ.சி. மட்டும் அளக்கும். பேட்டரி வயரில் ஓடுவது டி.சி., அதில் பூஜ்யம் காட்டும். சரி என்று மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். அங்கே ஏ.சி. ஓடுவது உண்மைதான், ஆனால் 28 காந்தம் உள்ள மோட்டார் 6,900 சுற்றில் 1,610 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவிக்கு அது புரியாது. டி.சி. அளக்கும் வகை தனியாக விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இ.எஸ்.சி. எவ்வளவு பெரிசா போடணும்? எனக்கு ரெண்டு முறை புகைஞ்சு போச்சு.

பெஞ்சில் 78 ஆம்பியர் பார்த்தால் 120 ஆம்பியர், 12 எஸ் தாங்கும் உயர்வோல்ட் வகை. காற்று அதன் மேல் நேராகப் படவேண்டும், அந்தக் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். உள்ளே வரும் ஓட்டையைவிட வெளியேறும் ஓட்டை பெரிதாக இருக்கட்டும்.

என்னுடையது ஒன்று ஆம்பியரால் போகவில்லை. விமானத்தின் மூக்கு கனமாக இருந்தது. எடையைச் சரிக்கட்ட மோட்டார் பக்கத்தில் இ.எஸ்.சி.யை வைத்து, பேட்டரியை நடுவில் தள்ளி, பேட்டரி வயரை 40 சென்டிமீட்டர் நீட்டினேன். தடித்த நல்ல வயர், சால்டரும் சுத்தம். காயில் கட்டுகிறவன் போட்ட சால்டரில் குறை சொல்ல முடியாது என்று மிதப்பு. மூன்றாவது பறப்பில், பாதிக் கிளப்பில், டப் என்றது. நல்லவேளை இறங்குமுகத்தில் இருந்தேன்.

திறந்து பார்த்தால் மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்திருந்தது. இ.எஸ்.சி. வினாடிக்குப் பல ஆயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. நீண்ட வயர் ஒரு சின்ன காயில் மாதிரி, ஓடுகிற கரண்டைத் திடீரென்று நிறுத்த விடாது. ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட் துள்ளும், துள்ளுவதை எல்லாம் அந்த மின்தேக்கிதான் விழுங்கவேண்டும். வயர் நீண்டால் துள்ளல் கூடும், தேக்கி கொதிக்கும். பாதிக் கிளப்பில் இது மோசம், முழுக் கிளப்பில் வெட்டே குறைவு. முப்பது வருடம் காயிலோடு வாழ்கிறவனுக்கு வயரும் காயில்தான் என்று தோன்றவில்லை பாருங்கள்.

நீட்டவேண்டும் என்றால் மோட்டார் பக்க மூன்று வயரை நீட்டுங்கள், பின்னிப் போடுங்கள். பேட்டரி பக்கமே நீட்டவேண்டிய கட்டாயம் வந்தால், கூடுகிற ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 220 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், உள்தடை குறைந்த வகை மின்தேக்கியை இ.எஸ்.சி. ஓரமாகவே சேர்க்கவேண்டும். ஃபேன் கண்டென்சர் அல்ல!

பேட்டரி மாட்டும்போது பட்டாசு மாதிரி வெடிக்குது, பிளக் கருகுது.

அதே மின்தேக்கிதான். காலியாக இருக்கிறது, 50.4 வோல்ட்டைக் கண்டதும் ஒரே வாயில் குடிக்கிறது. உள்ளே மின்தடை வைத்த தீப்பொறி தடுப்பு கனெக்டர் கிடைக்கிறது, எக்ஸ்.டி. 90-எஸ், ஏ.எஸ். 150 போல. அழுத்தும்போது நடுவில் ஒரு கணம் நிதானித்து முழுதாகத் தள்ளுங்கள்.

இதைவிட முக்கியம் ஆர்மிங் பிளக், மோட்டார் லைனைக் கடைசியாக இணைக்கும் தனி பிளக். விமானத்தின் பக்கவாட்டில், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால், வெளியே தெரிகிற மாதிரி. பேட்டரியை உள்ளே நிதானமாக மாட்டிவிட்டு, ஓடுபாதை முனையில் வைத்த பிறகே பிளக். மூடி திறந்து விமானத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது மோட்டார் உயிரோடு இருக்கவே கூடாது. பெட்ரோல் இன்ஜினாவது ப்ரொப்பெல்லரில் கை பட்டால் சில நேரம் நிற்கும். மின் மோட்டார் தடை வந்தால் இன்னும் அதிகம் இழுக்கும்.

ரிசீவருக்குத் தனி பேட்டரி தேவையா?

தேவை. ரிசீவர்தான் நம் ரிமோட் சொல்வதை விமானத்தில் வாங்கும் பெட்டி. உயர்வோல்ட் இ.எஸ்.சி. பலவற்றில் ரிசீவருக்குக் கரண்ட் கொடுக்கும் பி.இ.சி. கிடையாது. இருந்தாலும் நம்பமாட்டேன், எட்டு கிலோ விமானத்தின் சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். மேலே சொன்ன டப் சத்தத்துக்குப் பிறகும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்து வயலில் இறக்க முடிந்தது தனி பேட்டரியால்தான்.

நீங்க காயில் கட்டுறவர்தானே, மோட்டாரை நாமே ரீவைண்ட் பண்ணலாமா?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

கம்பிச் சுற்று எண்ணிக்கையும் கே.வி.யும் எதிரும் புதிரும். ஸ்டேட்டர் (கம்பி சுற்றும் நிலையான இரும்பு) பல்லுக்கு 10 சுற்று உள்ள 170 கே.வி. மோட்டாரை 11 சுற்றாகக் கட்டினால் 155, 9 சுற்றாகக் கட்டினால் 189. ப்ரொப்பெல்லரை மாற்ற இடமில்லாதபோது, கடையில் சரியான கே.வி. கிடைக்காதபோது, இது நல்ல வழி. முனைகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றினால் கே.வி. 1.73 மடங்கு ஏறும். பம்ப் ஸ்டார்ட்டரில் தினமும் பார்க்கிற அதே ஸ்டார்-டெல்டாதான். ஆனால் 170-ஐ டெல்டாவாக்கினால் 294, அதே 12 எஸ்ஸில் அதே ப்ரொப்பெல்லரைப் போட்டால் அன்றே எரியும்.

பம்ப் காயில் பல ஸ்லாட்டைத் தாண்டி விழும், அச்சில் சுற்றி எடுத்து உள்ளே இறக்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு பல்லிலும் கையால் சுற்றவேண்டும். பல்லின் ஓரம் கத்தி மாதிரி, எனாமல் உரசினால் பாடியில் ஷார்ட். பச்சை எபாக்சி பூச்சு உரிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 180 டிகிரி தாங்கும் எனாமல் கம்பியே வாங்குங்கள். ஒரு தடிமனான கம்பி சுற்றுவது அழகு, ஆனால் விரல் போய்விடும். நான் மெல்லிய கம்பி நாலைந்தைச் சேர்த்துக் கட்டுகிறேன். கொஞ்சம் இடம் வீண், பரவாயில்லை. கட்டி முடித்ததும் ஒவ்வொரு முனைக்கும் இரும்புக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு மூன்று பேஸும் ஒரே அளவு இழுக்கிறதா என்று சுமையில்லாமல், பாதி வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். வார்னிஷ் அதற்குப் பிறகுதான்.

திரும்ப மூடும்போது காந்தக் குடுவை (காந்தங்கள் ஒட்டிய, வெளியே சுற்றும் பகுதி) ஸ்டேட்டரைக் கண்டதும் பாயும். விரலை நடுவில் வைக்காதீர்கள். என் இடது ஆள்காட்டி விரல் நகத்தைப் பார்த்தால் புரியும்.

கடற்கரை ஊர், இந்த வெயில். மோட்டாருக்கு ஏதாவது ஆகுமா?

காந்தத்துக்கு ஆகும். சாதாரண தர நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் பலத்தை நிரந்தரமாக இழக்கும். எஸ்.எச். என்று எழுத்து போட்ட தரம் 150 வரை தாங்கும். காந்தம் பலமிழந்தால் கே.வி. ஏறும், ஏறினால் ஆம்பியர் இன்னும் கூடும், இன்னும் சூடாகும். கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரி, ஐரோப்பாக்காரர்கள் 20 டிகிரியில் பார்த்த அளவை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இறங்கிய உடனே மோட்டார் மேலுறை 65-ஐத் தாண்டினால் ப்ரொப்பெல்லரைக் குறைப்பேன்.

உப்பு மெதுவாகத் தின்னும். தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரம் பறந்தால் திறந்த மோட்டார் உப்புக் காற்றை நேராக உள்ளே இழுக்கிறது. பேரிங் கரகரக்கும், ஸ்டேட்டர் தகட்டில் துரு பூக்கும், கனெக்டர் பொன்முலாம் கறுக்கும். நான் கடலிலிருந்து உள்ளே தள்ளி, அறுவடை முடிந்த வயலில்தான் விடுகிறேன். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் பேரிங் மாற்றம். மதியம் கடல்காற்று எழும்புவதற்குள் மூட்டை கட்டிவிடுவேன்.

பேட்டரியை வீட்டில் எப்படி வைக்கிறது?

முழு சார்ஜில் வைக்காதீர்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட், அதுதான் ஓய்வு நிலை. ஞாயிறு மழை வந்து பறக்க முடியாமல் போனால் அன்று மாலையே இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது வாராவாரம் நடக்கும். மே மாதத்தில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சார்ஜ் போடும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், மாடிப்படிக்கு அடியில் போடக்கூடாது, தீப்பிடித்தால் வெளியே ஓட வழி அதுதான். ஒரு வாளி உலர்ந்த ஆற்றுமணல் வைத்திருக்கிறேன். கடல்மணலில் உப்பு ஈரம் இருக்கும், அது வேண்டாம்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டதோடு நிறுத்தியதற்கு நன்றி. 12 வோல்ட் பல்புகளைத் தொடராகக் கோத்து, வெளியே வைத்து, முழுசாகக் காலிசெய்து, பேட்டரிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

இ-ஸ்கூட்டர் பேட்டரி செல் போடலாமா?

லித்தியம் அயான் 21700 செல்லில் ஒரே எடைக்கு லிப்போவைவிட அதிக சக்தி இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் அள்ளித் தராது. கரண விமானத்துக்கு ஆகாது. மெதுவாக மிதக்கும் விமானத்துக்கும் கிளைடர் இழுவைக்கும் நன்றாக வரும், நானும் அடுத்து அதைத்தான் முயலப்போகிறேன். இரும்பு பாஸ்பேட் செல் கனம், விடுங்கள்.

எங்கே பறக்கவிடலாம்? அனுமதி?

2021-ன் ட்ரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் உண்டு. 25 கிலோவுக்குள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பொழுதுபோக்காகவோ படிப்புக்காகவோ பறந்தால் அது மாடல் வகையில் வரும், வகைச் சான்றிதழ் தேவையில்லை. இடம்தான் பிரச்சனை. புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில், ஊரை ஒட்டியே இருக்கிறது. அதைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு, நகரமும் ஆரோவில்லும் அதற்குள் அடங்கிவிடும். கடலூர் அந்த வட்டத்துக்கு வெளியே. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும், போகிற அன்று காலையில் பாருங்கள். வயல்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் பறக்கும் வயலின் சொந்தக்காரருக்கு வருடம் ஒருமுறை பம்ப் மோட்டார் காயில் இலவசம்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

மோட்டாரும் இ.எஸ்.சி.யும் ஒருமுறைச் செலவு. பேட்டரி ஜோடி மூன்று, அதற்கேற்ற சார்ஜர், வயலில் சார்ஜ் போட வழி எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடும், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மறுபடி வாங்கவேண்டும். வீட்டில் சொல்லும்போது மோட்டார் விலையை மட்டும் சொல்லுங்கள்.